கசெட்டில் படம் நன்றாகத்தான் இருக்கிறது, கெடுவது வழியில்

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஓர் அன்ரி வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். உள்ளே ஒன்பது மினி டீவி கசெட்டுகள், பழைய சோனி கமரா ஒன்று, ஒரு பென் ட்ரைவ். (டீவி என்றால் இங்கே தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ.) மகளின் சாமத்திய வீட்டு வீடியோவை ஏற்கெனவே ஓரிடத்தில் கொடுத்து மாற்றி எடுத்துவிட்டாராம்.

"தம்பி, இதில ஒருத்தருடைய முகமும் தெரியேல்ல. கசெட் பழுதாப் போச்சுப் போல" என்றார்.

பென் ட்ரைவைப் போட்டுப் பார்த்தேன். ஆலாத்தி எடுக்கும் இரண்டு பெண்களின் முகங்களும் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தன. சேலைக் கரை எது, கை எது என்று பிரித்தறிய முடியவில்லை. கோப்பின் அளவு 320 × 240. அப்புறம் அதே கசெட்டைக் கமராவில் போட்டு அதன் சின்னத் திரையில் ஓடவிட்டேன். ஆலாத்தித் தட்டில் வாழைப்பழத் துண்டின் மேல் எரிந்த திரி வரைக்கும் தெரிந்தது. கசெட்டில் ஒரு பிழையும் இல்லை.

இந்தக் கதை என் கடை மேசைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாகி ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டுச் சொந்தங்கள் கமராவும் கையுமாக வந்து இறங்கிய காலம் நினைவிருக்கும். அந்த வருடங்களின் கலியாணங்களும் கோயில் திருவிழாக்களும் இன்றைக்கும் கொழும்பு வீடுகளின் அலுமாரிகளில் கசெட்டாகக் கிடக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும்போது தரம் எங்கே போகிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மினி டீவி 1995 இல் வந்தது. அந்தக் கசெட்டில் இருப்பது ஏற்கெனவே டிஜிட்டல். பால் (PAL) என்ற நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள், காணொளிக்கு மட்டும் வினாடிக்கு 25 மெகாபிட். ஆகவே அதைக் கணினிக்கு எடுப்பது திரும்பப் படம் பிடிக்கும் வேலை இல்லை, கொப்பி பண்ணும் வேலை. ஒரு பென் ட்ரைவில் இருந்து இன்னொன்றுக்குக் கோப்பை மாற்றுவது போலத்தான். ஒழுங்காக எடுத்தால் ஒரு மணித்தியாலக் கசெட் ஏறக்குறைய 13 ஜிபி வரும். உங்களுக்கு 700 எம்பியில் யாராவது தந்திருந்தால் நடுவில் எதையோ எறிந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

எங்கே எறிகிறார்கள்? கமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மூன்று துளைகள் இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் போகும் ஏவி துளை ஒன்று. யூஎஸ்பி ஒன்று. மூன்றாவது, நாலு ஊசி மட்டும் உள்ள குட்டித் துளை. அதன் மேல் டீவி என்றோ, சோனி என்றால் ஐலிங்க் என்றோ எழுதியிருக்கும். பயர்வயர் என்பது இதுதான். கசெட்டில் உள்ளது உள்ளபடி வெளியே வரும் வழி பெரும்பாலும் இது ஒன்றுதான்.

யூஎஸ்பியைப் பார்த்ததும் எல்லோருக்கும் கை அதற்குத்தான் போகும். பெரும்பாலான மினி டீவி கமராக்களில் அந்த யூஎஸ்பி மெமரி கார்டில் உள்ள போட்டோக்களை எடுக்கவும், கமராவை வெப்கேமாகப் பாவிக்கவும் வைத்தது. அதன் வழியாக வீடியோ எடுத்தால் பல மொடல்களில் 320 × 240 தான் வரும். புள்ளிக் கணக்கில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்ரியின் பென் ட்ரைவில் இருந்ததும் இதுதான். மஞ்சள் வயர் வழியும் நட்டம்தான்: டிஜிட்டலை அனலொக் ஆக்கி, மலிவான யூஎஸ்பி கப்சர் குச்சி ஒன்றில் திரும்ப டிஜிட்டல் ஆக்குகிறோம். நிறம் கசியும், ஓரங்கள் மங்கும்.

இன்னொன்றைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஒரு முனையில் யூஎஸ்பி, மறுமுனையில் நாலு ஊசிப் பயர்வயர் என்று ஒரு கேபிள் மலிவாக விற்கிறார்கள். வாங்காதீர்கள். இரண்டும் பேசும் மொழியே வேறு, நடுவில் வெறும் செம்புக் கம்பி மொழிபெயர்க்காது. வாங்கிக்கொண்டு வந்து "அண்ணா, ஏன் வேலை செய்யேல்ல?" என்று கேட்ட பெடியன்கள் பலர். வேலை செய்யாமல் விட்டால் பரவாயில்லை, கமராவின் துளையை எரித்துவிட்டால் பிறகு மஞ்சள் வயர்தான் கதி.

சரியான வழி பழைய டெஸ்க்டொப் ஒன்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ் பயர்வயர் கார்ட் பூட்டுவது. விண்டோஸில் வின்டீவி என்ற சின்ன இலவச மென்பொருள் போதும். அது எதையும் சுருக்காது, வருவதை அப்படியே எழுதும். மெக் பாவிப்பவர்கள் கவனிக்க வேண்டும்: மெக் ஓஎஸ் 26 இல் பயர்வயரையே எடுத்துவிட்டார்கள். பழைய மெக்கைப் புதுப்பிக்க முதல் கசெட் வேலையை முடியுங்கள். கசெட் ஓடும் வேகத்தில்தான் கொப்பியும் ஏறும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு மணித்தியாலம். 2022 மின்வெட்டு நாட்களில் இது பெரிய சோதனையாக இருந்தது, யூபிஎஸ் இல்லாமல் தொடங்கவே மாட்டேன்.

வீட்டிலேயே செய்பவர்கள் கசெட்டைப் போட முதல் அதன் கண்ணாடி ஜன்னலால் உள்ளே பாருங்கள். கொழும்பின் ஈரக் காற்றுக்குப் பூஞ்சணம் சுலபமாக வரும், கடற்கரைப் பக்க வீடுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். நாடாச் சுருளின் மேல் மா தூவினது போல வெள்ளையாக இருந்தால் ஓடவிடாதீர்கள். நாடாவைப் படிக்கும் கமராவின் ஹெட்டில் அது ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கசெட்டுக்கும் தொற்றும். ஏசி அறையில் இருந்த கமராவை வெளியே எடுத்தவுடன் போடுவதும் கூடாது. குளிர்ச் சோடாப் போத்தலில் வேர்ப்பது போல உள்ளே ஹெட் பூட்டிய டிரம்மும் வேர்க்கும், ஈரத்தில் நாடா ஒட்டிச் சிக்கிவிடும். சோனியில் சி:21 என்று திரையில் வந்தால் அதுதான். ஒரு மணித்தியாலமாவது அப்படியே விடுங்கள்.

வருடக்கணக்காகச் சுற்றியபடி கிடந்த நாடாவை நான் முதலில் கடைசி வரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகுதான் கொப்பியைத் தொடங்குவேன். படத்தில் பட்டை பட்டையாக ஒரு வரி தெளிவு, ஒரு வரி குழப்பம் என்று வந்தால் இரண்டு ஹெட்களில் ஒன்று அழுக்கு. கிளீனிங் கசெட்டைப் பத்து வினாடிக்கு மேல் ஓடவிடாதீர்கள், அது ஹெட்டையே தேய்க்கும். கசெட்டின் முதுகில் உள்ள சின்னச் சறுக்கியைச் சேவ் பக்கம் தள்ளிவிட்டே போடுங்கள். கைதவறி ரெக்கோர்ட் அமுக்கி, மாப்பிள்ளை தாலி கட்டும் இடத்தில் என் மேசை விரிப்பு பதிவானதை நான் பார்த்திருக்கிறேன். என் கடையில்தான், என் கையால்தான்.

மினி டீவிக்கு முந்திய வீடியோ 8, ஹை 8 கசெட்டுகள் வேறு கதை, அவை அனலொக். ஆனால் 1999 இல் சோனி கொண்டுவந்த டிஜிட்டல் 8 கமராக்களில் சில மொடல்கள் இந்தப் பழைய கசெட்டுகளையும் ஓட்டி, பயர்வயரால் டிஜிட்டலாகவே வெளியே தரும். அப்படி ஒன்று யாரிடமாவது இருந்தால் இரவல் கேளுங்கள். கனடாவில் வாங்கிய கமராவில் எடுத்த கசெட் என்றால் அது அங்கத்தைய என்டிஎஸ்சி முறை, 720 × 480. பால் கமரா அதை ஓட்டாமல் விடலாம். ஓடினாலும் நம் முறையின் வினாடிக்கு 25 பிரேமுக்கு (படத்துக்கு) மாற்றாமல் வந்தபடியே வைத்திருங்கள்.

கணினிக்கு எடுத்த பிறகு வரும் முறைப்பாடு, கை அசைந்தால் சீப்புப் பல் போலக் கோடு தெரிகிறது என்பது. அது பழுதில்லை. அந்தக் காலத்து வீடியோ ஒற்றை வரிகளையும் இரட்டை வரிகளையும் மாறி மாறி எடுத்தது, வினாடிக்கு 50 தரம். ஹேன்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் டீஇன்டர்லேஸ் பகுதிக்குப் போய் பொப் என்பதைத் தெரிவு செய்து 50 பிரேமாக ஒரு எம்பி 4 (MP4) கோப்பு எடுங்கள், கோடும் போகும், அசைவும் வழுக்கிக்கொண்டு ஓடும். 25 ஆக்கினால் அசைவில் பாதி போய்விடும். ஆட்கள் எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் 4:3 படத்தை அகலத் திரைக்கு இழுத்திருக்கிறீர்கள். வட்ஸ்அப்பில் அனுப்பவும் டிவியில் போடவும் இந்த எம்பி 4 போதும். 13 ஜிபி மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். பேட் 32 (FAT32) என்ற பழைய முறையில் போர்மட் பண்ணிய பென் ட்ரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு ஏறாது, எக்ஸ்பேட்டாக போர்மட் பண்ண வேண்டும்.

கார்டில் பதியும் பிந்திய கமராக்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: எம்டிஎஸ் (MTS) என்று முடியும் வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்காமல் முழு போல்டரையும் கொப்பி பண்ணுங்கள். இல்லாவிட்டால் நீளமான காட்சி துண்டுபட்டு நிற்கும், ஒட்டும்போது இடையில் ஒரு வெட்டு விழும்.

அன்ரியின் ஒன்பது கசெட்டுகளும் இரண்டு நாளில் முடிந்தன. பயர்வயரில் எடுத்தால் கமரா ஒவ்வொரு பிரேமோடும் எழுதிவைத்த திகதியும் நேரமும் சேர்ந்து வரும், மஞ்சள் வயரில் அது வராது. அந்தத் திகதிகளை வைத்துத்தான் எந்தக் கசெட் முதல், எது பிறகு என்று அடுக்கிக் கொடுத்தேன். மகள் இப்போது லண்டனில். எம்பி 4 ஐ என் கடையில் நின்றபடியே அவளுக்கு அனுப்பிவிட்டு, "இந்தக் கமராவை இனி எறியலாம்தானே?" என்று அன்ரி கேட்டார்.

ஓடுகிற மினி டீவி கமரா இப்போது கசெட்டைவிட அருமை. "எறியிறதெண்டால் என்னட்டத் தாங்கோ" என்றேன், பாதி பகிடியாக. அன்ரி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதைத் திரும்ப பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிக்கொண்டு போனார்.