போருக்கு வாசல் பக்கத்து நாட்டில்

உக்ரைனில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,520 மில்லிமீட்டர் அகலம். ரஷ்யப் பேரரசுக் காலத்தின் மிச்சம் அது. எல்லை தாண்டிப் போலந்துக்குள் போனால் 1,435. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், ஏறக்குறைய நான்கு விரல் அகலம். கோதுமை ஏற்றி வந்த ரயில் அங்கே நின்றுவிடும். தானியத்தை வேறு பெட்டிக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் பெட்டியைத் தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள சக்கரத் தொகுதியைக் கழற்றி வேறொன்றை மாட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் இதே வேலைதான்.

ஒரு போரில் பக்கத்து நாடு என்றதும் 'அது யார் பக்கம்?' என்றுதான் கேட்கிறோம். என்னைக் கேட்டால், அந்த நாட்டின் வழியாக எது போகலாம், எது போகக் கூடாது என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படையின் ஒரு பிரிவு பெலாரஸிலிருந்து உக்ரைனுக்குள் இறங்கியது. அங்கிருந்து உக்ரைன் தலைநகர் கீவ் சுமார் 100 கி.மீ. தூரம்தான். பெலாரஸ் தன் படையை அனுப்பவில்லை, நிலத்தைக் கொடுத்தது. தலைநகரை வடக்கிலிருந்து நெருங்க அதுவே போதுமானதாக இருந்தது. மறுபுறம், மேற்கத்திய ஆயுதங்கள் உள்ளே போனது பெரும்பாலும் போலந்து வழியாக.

துருக்கியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கருங்கடலுக்குள் போர்க்கப்பல் வர வேண்டுமானால் டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளைக் கடந்தாக வேண்டும். பாஸ்பரஸ் மிகக் குறுகும் இடத்தில் சுமார் 700 மீட்டர்தான். இரு கரையும் துருக்கி. போர் நடக்கும்போது, போரிடும் நாடுகளின் போர்க்கப்பல்களைத் தடுக்க 1936ஆம் ஆண்டின் மாண்ட்ரோ உடன்படிக்கை வழி செய்கிறது. தன் தளத்துக்குத் திரும்பும் கப்பலுக்கு மட்டும் விலக்கு உண்டு. படையெடுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே துருக்கி அந்த உடன்படிக்கையைக் கையில் எடுத்தது. ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் படையின் முதன்மைக் கப்பலான மாஸ்க்வா மூழ்கியது. அதே வகையைச் சேர்ந்த இரண்டு ரஷ்யக் கப்பல்கள் அப்போது மத்தியதரைக் கடலில்தான் நின்றன. ஆனால் அவற்றின் தளம் கருங்கடலில் இல்லையே, உள்ளே வர முடியவில்லை. ஒரு குண்டுகூடச் சுடாத நாடு கடற்போரின் கணக்கையே மாற்றிவிட்டது! அதே துருக்கி உக்ரைனுக்கு ட்ரோன் விற்றது, ரஷ்யா மீது தடை விதிக்க மறுத்தது, உக்ரைன் தானியம் கருங்கடல் வழியே வெளியே போக வழிவிடும் தானிய ஒப்பந்தத்துக்காக இரு தரப்பையும் இஸ்தான்புல்லுக்கு வரவழைத்தது.

சரி, நட்பு நாடு என்றால் வாசல் எப்போதும் திறந்தே இருக்குமா? இருக்காது. உக்ரைன் தானியம் வந்து குவிந்து உள்ளூர் விலை சரிந்ததும் போலந்து விவசாயிகள் கொதித்தார்கள். 2023 ஏப்ரலில் போலந்தும் ஹங்கேரியும் அந்தத் தானியத்தை உள்ளே விடத் தடை போட்டன. இதில் போலந்து, உக்ரைனுக்கு ஆயுதம் தந்த அதே அரசுதான். விவசாயிக்கும் ஓட்டு இருக்கிறதே, அவன் கோபத்தை எந்த அரசும் ஒதுக்கிவிட முடியாது.

2023 ஜூலையில் தானிய ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகியது. அப்புறம் உக்ரைன் துறைமுகமான ஒடெசாவிலிருந்து கிளம்பிய கப்பல்கள் நடுக்கடலுக்குப் போகவில்லை. கரையை ஒட்டியே தெற்கே வந்து ருமேனியாவின் கடற்பரப்புக்குள் நுழைந்தன. பிறகு பல்கேரியா, அதைத் தாண்டி பாஸ்பரஸ். ருமேனியாவும் பல்கேரியாவும் நேட்டோ ராணுவக் கூட்டணி நாடுகள். அந்தக் கோட்டுக்குள் வந்த கப்பலைத் தாக்குவதற்கு முன் மாஸ்கோ பலமுறை யோசிக்க வேண்டியிருந்தது.