மெயில் சிங்க் ஆகவில்லையா? அக்கவுண்டை நீக்கும் முன் பார்க்க வேண்டியவை

அவுட்லுக், தண்டர்பேர்டு போன்ற மெயில் மென்பொருளில் மெயில் வராமல் நின்றுபோனால், பக்கத்து மேசைக்காரர் சொல்லும் முதல் வைத்தியம், "அக்கவுண்டை எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க." பல சமயம் இது பலிக்கும். பலிக்காதபோது, கணினியில் மட்டும் இருந்த மெயில்களும் சேர்ந்து போய்விடலாம்.

முதலில் பிரவுசரைத் திறந்து அதே கணக்கின் வெப்மெயிலுக்குள் போங்கள். காணாமல் போன மெயில் அங்கேயும் இல்லை என்றால் கோளாறு சிங்க்கில் இல்லை. ஸ்பேம், ஃபில்டர் விதி, நிரம்பிய பெட்டி ஆகியவற்றைப் பாருங்கள். கூகுளின் இலவச 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்குபோடுகின்றன. மெயில் கொஞ்சமாக இருந்தாலும் கல்யாண வீடியோக்களால் பெட்டி அடைத்துக்கொள்ளும்.

வெப்மெயிலில் இருக்கிறது, மென்பொருளில் இல்லை என்றால் கணக்கு மெயிலை இறக்கும் முறை ஐமேப் (IMAP) வகையா, பாப் (POP) வகையா என்று பாருங்கள். ஐமேப்பில் மூலம் சர்வரில் இருக்கிறது, உங்களிடம் இருப்பது நகல். பாப் அப்படியல்ல. 'சர்வரில் நகலை விட்டுவை' என்ற டிக் இல்லாவிட்டால், இறக்கிய மெயில் சர்வரிலிருந்து அழிந்துவிடும். அலுவலகக் கணினியில் தெரிவது போனில் தெரியாததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். பாப் கணக்கை பேக்கப் எடுக்காமல் தொடவே கூடாது.

பாஸ்வேர்டு சரியாக இருந்தும் திரும்பத் திரும்பக் கேட்கிறதா? வெறும் பாஸ்வேர்டில் உள்ளே விடுவதைப் பெரிய நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. தன் அலுவலக மெயில் சேவையான எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் மைக்ரோசாஃப்ட் இதை 2022 அக்டோபரில் மூடத் தொடங்கியது. தனிநபர் அவுட்லுக் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 16 கெடுவாக இருந்தது. தண்டர்பேர்டின் சர்வர் செட்டிங்ஸில் 'அதென்டிகேஷன் மெத்தட்' என்பதை ஓஆத்2 (தனி ஜன்னலில் லாகின் செய்து அனுமதி தரும் முறை) ஆக்குங்கள். தண்டர்பேர்டில் குக்கீஸைத் தடுத்து வைத்திருந்தால் அந்த லாகின் ஜன்னல் வேலை செய்யாது. ஓஆத் தெரியாத பழைய மென்பொருளில் ஜிமெயில் வேண்டுமானால், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும்.

பிழைச்செய்தி ஏதும் காட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் போர்ட்டை, அதாவது சர்வரோடு பேசும் வாசல் எண்ணைப் பாருங்கள். ஐமேப்பில் 993-க்கு எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் (தொடக்கத்திலேயே பூட்டிய இணைப்பு), 143-க்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிப் பிறகு பூட்டுவது). அனுப்பும் பக்கம் 465-க்கு முதலாவது, 587-க்கு இரண்டாவது. 993-இல் ஸ்டார்ட்டிஎல்எஸ் வைத்தால், யார் முதலில் பேசுவது என்று இரு பக்கமும் காத்திருந்து டைம் அவுட் ஆகும். சர்வரின் அடையாளச் சான்றிதழில் பிழை என்று வந்தால் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் முன் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த கணினிகளில் தேதி பின்னால் போயிருக்கும்.

ஒரே ஜிமெயில் கணக்கை நாலைந்து பேர் பயன்படுத்தும் அலுவலகத்தில் விட்டு விட்டு சிங்க் ஆகும். ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் கூகுள் அனுமதிக்கிறது. ஒரு தண்டர்பேர்டு மட்டும் 5 வரை எடுத்துக்கொள்ளும். சர்வர் செட்டிங்ஸின் 'அட்வான்ஸ்டு' பகுதியில் அதை 2 ஆக்கினால் அடங்கிவிடும்.

அவுட்லுக்கில் எக்ஸ்சேஞ்ச் கணக்கின் பழைய மெயில் மட்டும் காணவில்லை என்றால் பழுதாகவே இருக்காது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் எவ்வளவு காலத்து மெயிலை ஆஃப்லைனில் வைப்பது என்ற ஸ்லைடர் ஓராண்டில் நின்றிருக்கும். அதை 'ஆல்' வரை நகர்த்துங்கள்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் நகல் கோப்பே கெட்டிருக்கலாம். கிளாசிக் (பழைய வடிவ) அவுட்லுக்கில் அது ஓஎஸ்டி கோப்பு, வழக்கமான உச்சவரம்பு 50 ஜிபி. முதலில் அவுட்பாக்ஸில் தேங்கியவற்றையும், 'திஸ் கம்ப்யூட்டர் ஒன்லி' என்று பெயரில் ஒட்டியிருக்கும் காலண்டர், கான்டாக்ட்ஸ் ஃபோல்டர்களையும் பிஎஸ்டி எனும் தனிச் சேமிப்புக் கோப்புக்கு ஏற்றுமதி செய்யுங்கள். இவை சர்வரில் கிடையாது. பிறகு அக்கவுண்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ், ஓப்பன் ஃபைல் லொக்கேஷன் வழியாகக் கோப்பின் இடத்துக்குப் போய், அவுட்லுக்கை மூடிவிட்டு, ஓஎஸ்டியின் பெயரை மாற்றுங்கள். அழிக்காதீர்கள். மறுபடி திறந்தால் புதிய நகல் இறங்கும். பெரிய பெட்டி என்றால் சாயங்காலம் தொடங்கி இரவெல்லாம் ஓடவிடுவது நல்லது. ஐமேப் வழி இறக்கத்துக்கு ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 2500 எம்பி வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் தற்காலிகமாகப் பூட்டிவிடுவார்கள்.

தண்டர்பேர்டில் இவ்வளவு தேவையில்லை. ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ரிப்பேர் ஃபோல்டர். கெட்டுப்போன குறியீட்டுக் கோப்பை அதுவே புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

அனுப்பும்போது 'சென்ட் ஃபோல்டரில் நகல் வைக்க முடியவில்லை' என்று வந்தால் உடனே ரீசென்ட் போடாதீர்கள். மெயிலை அனுப்புவது எஸ்எம்டிபி, நகலைச் சேமிப்பது ஐமேப். முதல் வேலை முடிந்திருக்கும், இரண்டாவது மட்டும் தவறியிருக்கும். திரும்ப அனுப்பினால் ஒரே இன்வாய்ஸ் இரண்டு தடவை போய்ச் சேரும். தண்டர்பேர்டின் 'காப்பீஸ் அண்ட் ஃபோல்டர்ஸ்' பகுதியில் சரியான சென்ட் ஃபோல்டரைக் காட்டுங்கள். ஜிமெயில் என்றால் அங்கே நகல் வைக்கச் சொல்லும் டிக்கையே எடுத்துவிடலாம். அதன் சர்வர் அனுப்பும்போதே ஒரு நகலை வைத்துக்கொள்கிறது.