போன் கடலுக்குப் போயிருக்கும் நாட்கள்

"டீச்சர், அவுக போனைக் கடலுக்குக் கொண்டு போயிட்டாக. நாளைக்குக் காலையில கரைக்கு வந்ததும் பாப்பா பாத்து எழுதிருவா. கோவிச்சுக்கிறாதீக."

2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்த மாதங்களில், பக்கத்து வீட்டு எண்ணிலிருந்து ஒரு தாய் கூப்பிட்டுச் சொன்னது இது. நான் இராமநாதபுரம் கடற்கரையில் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். அன்று காலை பத்து மணிக்குப் போனில் நேரலை வகுப்பு வைத்திருந்தேன். முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளில் வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். வராதவர்கள் பெயருக்கு நேரே 'அக்கறை இல்லை' என்று எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாயிடம் பேசி முடித்ததும் அந்த வரிகளை அடித்தேன்.

இங்கே பிறந்து வளர்ந்த எனக்கே இது உறைக்கவில்லை என்பதுதான் வெட்கம். இராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. நாட்டுப்படகுகளுக்கு மற்ற நாட்கள். காலையில் போகும் விசைப்படகு மறுநாள் காலையில்தான் கரை சேரும். அப்படியானால் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் திங்கள், புதன், சனி இரவுகளில் போனே கிடையாது. நாட்டுப்படகு வீட்டுக்கு அது வேறு நாள். அம்மா கையில் தனியாக ஒரு போன் இருக்கும் வீட்டிலும், அவர் மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்று கடல்பாசி எடுக்கப் போகும் நாளில் அது பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். ஆக, 'வீட்டில் ஸ்மார்ட்போன் உள்ளதா?' என்று கணக்கெடுப்புப் படிவத்தில் கேட்டு 'ஆம்' என்று டிக் அடிப்பதில் பாதி உண்மைதான் இருக்கிறது. யார் கையில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று கேட்டால்தான் மீதி தெரியும்.

அதன் பிறகு நேரலை வகுப்பை நிறுத்தினேன். பிள்ளை எப்போது போனைத் தொடுகிறதோ அப்போது கேட்டுக்கொள்ளும்படி குரல் பதிவுகளாக அனுப்பத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. வாட்சப்பில் ஒரு நிமிடக் குரல் பதிவு கால் எம்பிகூட வராது. அதே ஒரு நிமிடம் வீடியோ என்றால் பல எம்பி. ஒரு நாள் டேட்டா தீர்ந்தால் மறுநாள் வரை காத்திருக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரியது. இன்னொன்றும் கவனித்தேன்: வீடியோவைப் பிள்ளை தனியாகப் பார்க்கும், குரலை வீடே கேட்கும். வலையில் சிக்கெடுத்துக்கொண்டே செய்யுளைக் கேட்ட ஒரு தாத்தா, நான் ஓர் அடியை விட்டுவிட்டேன் என்று பேத்தி மூலம் சொல்லி அனுப்பினார். விட்டுத்தான் இருந்தேன்.

2018 முதல் நம் பாடநூல்களில், பாட வீடியோக்களைத் திறக்கும் கியூஆர் கோடு அச்சிட்டு வருகிறார்கள். நல்ல ஏற்பாடு, ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் அதை ஸ்கேன் செய்து தனித்தனியாக டேட்டா செலவழிக்க வேண்டியதில்லை. நான் ஒருமுறை இறக்கி வைத்துக்கொள்கிறேன். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது, ஆண்ட்ராய்டு போனில் உள்ள குயிக் ஷேர் என்ற கோப்பு மாற்றும் வசதி மூலம் அவர்கள் போனுக்கு மாற்றிவிடுகிறேன். இதற்கு இணையம் வேண்டாம், இரண்டு போனும் பக்கத்தில் இருந்தால் போதும். கம்பியில்லாத் தொடர்பு என்றாலே நெட் என்று நினைத்துக்கொள்கிறோம். ப்ளூடூத்துக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் டவர் தேவையில்லை என்பது ஆசிரியர்கள் பலருக்கே தெரியவில்லை.

இனி, போனைக் கற்பதற்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்று எனக்குக் காட்டிய ஒரு பாடம். பத்தாம் வகுப்புத் தமிழில் காற்றைப் பற்றிய உரைநடை இருக்கிறது. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். நடத்துவதற்கு முன், "வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் காத்துப் பெயரெல்லாம் கேட்டுப் போனில் பதிந்து அனுப்புங்கள்" என்றேன். ஐந்து நாள் அவகாசம், கடல் நாட்கள் தெரியும் அல்லவா.

வந்து சேர்ந்த பதிவுகளை வகுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கரில் போட்டேன். ஒன்றில் இன்ஜின் சத்தம். படகில் வைத்தே அப்பாவிடம் பதியச் சொல்லியிருக்கிறான் பையன். இன்னொன்றில் பின்னால் கோழி. பெரியவர்கள் கொண்டலையும் வாடையையும் புத்தகத்தில் உள்ளபடியே சொன்னார்கள். மேல்காற்றுக்கு வந்தபோது ஒருவர்கூடக் கோடை என்று சொல்லவில்லை, கச்சான் என்றார்கள். தெற்கே தென்றல் இல்லை, சோளகம். "தென்றல்னு சொன்னா தாத்தா சிரிக்கிறாக டீச்சர், அது பாட்டுல வர்ற காத்தாம்" என்றாள் ஒருத்தி. கச்சான் காலத்தில் வலை என்ன ஆகும், வாடை எழும்பினால் எந்தப் பக்கக் கடல் கொந்தளிக்கும் என்று பெரியவர்கள் சொன்னதை வைத்து அந்தப் பாடவேளை முழுக்க ஓடியது. எந்தச் செயலியும் தேவைப்படவில்லை. போனில் ஏற்கெனவே இருக்கும் ஒலிப்பதிவு வசதி, அவ்வளவுதான். குழந்தைகள் கையில் வைத்துக்கொள்ளும் கணினி என்ற எண்ணத்தை 1972லேயே எழுதி வைத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஆலன் கே. அவர் நினைத்தது பிள்ளை அதைக் கொண்டு எதையாவது உருவாக்க வேண்டும் என்றுதான். பார்க்க மட்டும் கொடுத்துவிட்டு அதற்குக் கற்றல் என்று பெயர் வைத்தது நாம்.

எங்கள் சமூக அறிவியல் ஆசிரியர் செய்ததையும் சொல்ல வேண்டும். அட்சரேகைப் பாடத்தின்போது தன் போனில் ஜிபிஎஸ் காட்டும் செயலியைத் திறந்து, மைதானத்தில் பிள்ளைகளை வடக்கு நோக்கி நடக்கவிட்டார். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், ஒரு நிமிடத்துக்கு அறுபது நொடி; இவை நேரம் அல்ல, கோண அளவு. அட்சரேகையில் ஒரு நொடி என்பது தரையில் ஏறக்குறைய 31 மீட்டர். அவ்வளவு நடந்ததும் திரையில் ஓர் எண் மாறியது. பிள்ளைகள் திரும்பி ஓடிவந்து மறுபடி நடந்தார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது கடலில் தூரம் அளக்கும் ஒரு நாட்டிக்கல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர் என்று அவர் சொன்னபோது ஒரு பையன், "அப்பா சொல்ற மைலு இதுதானா சார்?" என்றான். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிடமிருந்து நேராகச் சைகை வாங்குவதால், டவர் எட்டாத கடலிலும் வேலை செய்கிறது என்பதை அவன்தான் வகுப்புக்குச் சொன்னான்.

மற்றபடி வகுப்பறைக்குள் பிள்ளைகள் போன் கொண்டுவருவதை நான் ஆதரிப்பதில்லை. கவனம் ஒருமுறை சிதறினால் மாணவர் மீண்டும் பாடத்துக்குள் வர 20 நிமிடம் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை ஓர் ஆய்வைக் காட்டிச் சொல்கிறது. அது நம் பாடவேளையில் பாதி. ஆசிரியர் கையில் ஒன்று இருந்தால் போதும்.

இரண்டு எச்சரிக்கைகள், இரண்டும் பட்டுத் தெரிந்துகொண்டவை.

முதல் தப்பு என்னுடையது. எல்லாப் பெற்றோர் எண்களையும் சேர்த்து வாட்சப் குழு தொடங்கினேன். குழுவில் இருக்கும் யாரும் மற்ற எல்லார் எண்ணையும் பார்க்கலாம் என்பதை யோசிக்கவில்லை. ஒரு மாணவியின் வீட்டு எண்ணுக்கு இரவில் யாரோ கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் அம்மா போனைப் பிடுங்கி வைத்தார், அதோடு அவள் படிப்புக்கும் போன் இல்லை. கூப்பிட்டவனுக்கு அல்ல, அவளுக்குத்தான் தண்டனை கிடைத்தது. இப்போது குழு கிடையாது, பிராட்காஸ்ட் பட்டியல்தான். செய்தி ஒவ்வொருவருக்கும் தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. என் எண்ணை அவர்கள் போனில் சேமித்திருந்தால்தான் செய்தி சேரும், அதை முதல் பெற்றோர் கூட்டத்திலேயே உட்கார்ந்து செய்துகொடுத்துவிடுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஸ்டேட்டஸில் வைக்கும் ஆசிரியர்களும் ஒருமுறை யோசிக்கட்டும்.

இரண்டாவது, மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில். கோடை விடுமுறையும் அப்போதுதான். ஆண்டு முழுக்கக் கடலில் இருந்த போன் பகலெல்லாம் வீட்டில் கிடக்கும், அப்பா வலை சரிசெய்யப் போயிருப்பார், பிள்ளை கையில் கேம். நிவாரணப் பணம் வந்து விழும் வங்கிக் கணக்கும் அதே போனில்தான் இணைந்திருக்கும். ரகசிய எண் பிள்ளைக்கு மனப்பாடம், ஏனென்றால் கடையில் பணம் அனுப்பச் சொல்லிக் கொடுத்ததே அப்பாதான். கேமில் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன பணம், டீசல் போடப் போகும் நாளில்தான் தெரியவந்த வீடு என் வகுப்பிலேயே உண்டு. ரகசிய எண்ணை மாற்றுங்கள், பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள், நேரம் போகப் போகப் பணத்தைப் பிடிப்பது கடினம். பிள்ளையை மிரட்டும் அழைப்பு வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

உப்புக் காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்ஜ் ஏறவில்லை என்று வரும் போன்களில் சார்ஜர் துளையில் பச்சை பூத்திருக்கும். போனை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிட்டாலே சில தேறும். ஈரமாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், அரிசிக்குள் புதைக்காதீர்கள், மாவும் தூசியும்தான் உள்ளே போகும்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நான் முதலில் செய்வது, வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல். பிள்ளை பெயர், போன் யாருடையது, விசைப்படகா நாட்டுப்படகா, எந்த இரவு கடலில். அப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடு, போனே இல்லாத வீடு எல்லாம் அதில் வரும். போன் இல்லாத பிள்ளைக்குப் பக்கத்துத் தெரு கூட்டாளி யார் என்று ஒரு கட்டம். தடை முடிந்து படகுகள் கிளம்புவதற்குள் அதை முடித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அப்பாக்களைக் கரையில் பிடிக்க முடியாது.