கடைசி வீட்டுக் குழாய்

மதுரை செல்லூரில் எங்கள் அத்தை வீடு சந்தின் கடைக்கோடியில் இருக்கிறது. நல்ல தண்ணி வருகிற நாளில் குழாயடியில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் காற்று சீறும். அப்புறம் கலங்கலாக ஒரு குடம் வரும், அது செடிக்கு. அதற்குப் பிறகுதான் குடிக்கிற தண்ணீர், அதுவும் நூல் மாதிரி. சந்து முனை வீட்டில் அதே நேரத்தில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும். "அவுகளுக்கு மட்டும் தனி வைகையாடா ஓடுது?" என்பார் அத்தை.

வைகை ஒன்றுதான். மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் 20 மீட்டர் உயரத்தில் நின்றால், அடியில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2 கிலோ அழுத்தம் கிடைக்கும். அந்த அழுத்தம்தான் தண்ணீரைத் தெருத்தெருவாகத் தள்ளுகிறது. ஆனால் குழாயின் உள்சுவரோடு உரசி உரசி அது வழியெல்லாம் தேய்ந்துகொண்டே போகும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் தேய்மானம் ஏறக்குறைய நான்கு மடங்கு. குழாயின் விட்டம் பாதியானால், அதே அளவு தண்ணீரை அனுப்ப 32 மடங்கு அழுத்தம் வீணாகும். ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் பதித்த சின்னக் குழாயில் இன்று மூன்று மாடி வீடுகள் ஒரே நேரத்தில் தண்ணீர் பிடிக்கின்றன. அத்தை வீட்டுக்கு வந்து சேரும்போது தள்ளுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

அந்தக் கலங்கல் குடத்துக்கும் காரணம் இதே அழுத்தம்தான். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. யாராவது அதில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால், உள்ளே அழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறைந்துவிடும். இணைப்பில் சின்ன விரிசல் இருந்தால் போதும், மண்ணும் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே ஏறும். குழாய் எப்போதும் நிறைந்து அழுத்தத்தோடு இருந்தால் கசிவு வெளியே போகுமே தவிர உள்ளே வராது. 24 மணி நேரக் குடிநீர் என்றால் பணக்கார நாட்டுச் சொகுசு என்று நானும் நினைத்திருந்தேன். சுகாதாரத்துக்கே அதுதான் அடிப்படை.

சரி, எவ்வளவு தண்ணீர் வேண்டும்? பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் வழக்கமான கணக்கு. 15 லட்சம் பேர் என்று வைத்தால் 20 கோடி லிட்டருக்குச் சற்று மேல். வழியில் ஐந்தில் ஒரு பங்கு ஒழுகுகிறது என்று கொண்டால் 25 கோடி லிட்டர் அனுப்ப வேண்டும். அணைக்கணக்கில் ஒரு டிஎம்சி, அதாவது நூறு கோடி கன அடி, நமக்கு 112 நாளைக்குத்தான் வரும். 2011இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது, பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆனது. குழாய் கொடுக்க வேண்டிய பொறுப்பு ஒரே அரசாணையில் ஏறக்குறைய மூன்று மடங்கு பரப்புக்கு விரிந்தது. ஆறு அப்படியேதான் இருந்தது.

திட்டம் போடுகிறவர்களுக்குச் சராசரி மழையால் பெரிய பிரயோசனம் இல்லை. சராசரி ஆண்டில் யாரும் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடுவதில்லை. பழைய ஆண்டுகளின் நீர்வரத்தை மார்க் லிஸ்ட் மாதிரி மேலிருந்து கீழாக அடுக்குவார்கள். பாசனத் திட்டம் என்றால் நான்கில் மூன்று ஆண்டாவது கிடைக்கிற அளவை எடுத்தால் போதும், நாலாவது ஆண்டு தரிசு போடலாம். குடிநீருக்குத் தரிசு கிடையாது. கடைசி பெஞ்சு ஆண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததே, அது மாதிரி ஓர் ஆண்டை.

இந்த விஷயத்தில் மதுரைக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. வைகையின் சொந்த நீர்ப்பிடிப்பு பெரிதும் வடகிழக்கு மழையை நம்பியது. 1895இல் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு தென்மேற்கு மழையில் நிறையும். ஒன்று ஏமாற்றினாலும் மற்றது கைகொடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அணையில் நிற்பதெல்லாம் நம்முடையதாகிவிடாது. பெரியாற்றில் 142 அடி வரை தேக்கலாம், 104 அடிக்குக் கீழே போனால் அதை வைகைப் பக்கம் கொண்டுவரும் சுரங்கப்பாதைக்குத் தண்ணீர் ஏறாது. நமக்கு உதவுவது இடையில் இருக்கும் 38 அடிதான்.

71 அடி வைகை அணையிலோ வண்டலும் வெயிலும் பங்கு கேட்கின்றன. ஆவியாவதைத் தடுக்க 2017இல் அங்கே தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியதும் ஊர் மறக்காது. நாமெல்லாம் சிரித்தோம். கேள்வி என்னவோ சரியான கேள்விதான்.

அணையிலிருந்து ஊருக்குக் கொண்டுவருவது அடுத்த பாடு. அழகர் இறங்குவதற்காகச் சித்திரையில் அணையைத் திறந்தால், காய்ந்து கிடக்கும் ஆற்று மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். அதனால்தான் பல நாள் முன்கூட்டியே திறக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆற்றுப்படுகைக் கிணறுகளே ஊருக்குத் தண்ணீர் கொடுத்தன, மணலே வடிகட்டியாகவும் இருந்தது. மணல் அள்ளிய பிறகு அந்த நம்பிக்கையும் போய்விட்டது. இப்போது அணைத் தண்ணீரைப் பண்ணைப்பட்டி நிலையத்தில் சுத்திகரித்துக் குழாயில் அனுப்புகிறார்கள்.

அணை நிலவரச் செய்திகளில் "மதுரை குடிநீருக்கு வினாடிக்கு 69 கன அடி" என்ற வரி அடிக்கடி வரும். அது நாளைக்குச் சுமார் 17 கோடி லிட்டர், அதிலும் வழியில் குறைவது போக மிச்சம். பாசன மதகை மூடிய பிறகும் இந்த வரி மட்டும் நிற்கிறது பாருங்கள், குடிநீருக்கு முதலிடம் என்ற விதி அங்கேதான் தெரிகிறது.

அந்த முதலிடத்துக்கு யாரோ ஒருவர் விலை கொடுக்கிறார். பெரியாற்றுத் தண்ணீர் தமிழ்நாட்டுக்குள் இறங்குகிற லோயர் கேம்பிலிருந்து மதுரைக்கு நேரடியாகக் குழாய் போட்டு நாளைக்கு 12.5 கோடி லிட்டர் எடுக்கும் திட்டம் 1,295 கோடி ரூபாயில் வந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். வினாடிக்கு 51 கன அடி என்றால் சின்ன அளவாகத் தோன்றும். 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்வதற்கு முன்பே, மேலேயே அதை எடுப்பதுதான் அவர்களை உறுத்தியது. வைகை அணையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. குழாயில் கொண்டுவந்தால் ஆற்றில் சேதாரம் இல்லை என்ற பொறியாளர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆற்றில் அவர் சொல்கிற "சேதாரம்"தான் வழியெங்கும் கிணறுகளில் ஊறுகிறது என்பதை மட்டும் அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதையெல்லாம் எத்தனை வருடத்துக்குத் திட்டமிடுவது? எல்லாவற்றுக்கும் ஒரே ஆயுள் கிடையாது. அணைக்கு 50 ஆண்டு, பிரதானக் குழாய்க்கும் தெருக்குழாய்க்கும் 30, பம்புக்கும் மோட்டாருக்கும் 15 என்று வைப்பார்கள். மோட்டாரைக் கழற்றி மாற்றிவிடலாம். சந்துக்குள் புதைத்த குழாயை மாற்ற எல்லார் வீட்டு வாசலையும் திரும்பத் தோண்ட வேண்டும். அதனால் இன்றைய தேவைக்குப் பெரிதாகத் தெரிகிற குழாயைத்தான் மண்ணுக்குள் போட வேண்டும். செலவைக் குறைக்க ஓர் அளவு சின்னதாகப் போட்டால், அந்தச் சிக்கனம் 30 வருடம் கடைசி வீட்டின் தலையில்.

அத்தை வீட்டுச் சந்தில் போன வருடம் புதுக் குழாய் பதித்தார்கள், பழையதைவிட நன்றாகவே பெரியது. தண்ணீரும் முன்னைவிட வேகமாகத்தான் வருகிறது. அத்தை ஸ்டூலை இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை.