மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால் பற்றரிக்கு நல்லதாம்!

இந்த மாதமும் என்னிடம் திருத்தத்துக்கு ஒன்று வந்தது. நான்கு ஸ்லொட் உள்ள சார்ஜர். நடுவிலுள்ள இரண்டு ஸ்லொட்களின் அடிப் பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்திருந்தது. உள்ளே கிடந்த செல்களின் மேலுறை பிளஸ் பக்கத்தில் சுருங்கி, உலோகம் வெளியே தெரிந்தது. கொண்டு வந்தவர் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். பிளாஷுக்கு நான்கு நான்காகச் செல் மாற்றுகிறவர், பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறவர். "அண்ணா, நான் எப்பவும் 200லதான் போடுறது. இரவு போட்டால் விடியத்தான் எடுப்பன். மெதுவா ஏத்தினால்தானே பற்றரிக்கு நல்லது?" என்றார்.

அந்த 200 மில்லியம்பியர் கரண்ட்தான் பற்றரியைச் சுட்டது என்று சொன்னேன். நம்பவில்லை. யாரும் நம்புவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த நம்பிக்கை சும்மா முளைத்ததல்ல. நிக்கல் கட்மியம் செல்கள் ஓடிய காலத்தில் அது சரியாகவே இருந்தது. செல்லின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்டை 14, 16 மணி நேரம் கொடுப்பார்கள். சார்ஜர் எதையும் கவனிக்காது, மணிக்கூட்டைப் பார்த்து நாம்தான் கழற்ற வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அந்தச் செல் பொறுத்துக்கொள்ளும். இப்போது நாம் பென் டோர்ச் பற்றரி அளவில் வாங்கும் ரீசார்ஜபிள் செல் அநேகமாக நிக்கல் மெட்டல் ஹைட்ரைட். இது சார்ஜ் ஏறும்போதே சூட்டை வெளிவிடுகிற சாதி. நிரம்பிய பிறகும் கரண்ட் போய்க்கொண்டே இருந்தால் அவ்வளவும் சூடாகத்தான் மாறும். ஆகவே, செல் எப்போது நிரம்பியது என்று சார்ஜரே கண்டுபிடித்து நிறுத்த வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? செல் நிரம்பும்போது அதன் வோல்டேஜ் ஓர் உச்சிக்குப் போய், பிறகு சற்றே இறங்கும். எவ்வளவு இறங்கும் தெரியுமா? 5 முதல் 10 மில்லிவோல்ட் வரை. கூடிப் போனால் ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு. அந்தச் சின்ன இறக்கத்தைப் பிடித்துத்தான் சார்ஜர் "சரி, போதும்" என்று நிற்கிறது. போதிய கரண்ட் ஓடினால்தான் அந்த உச்சி கூர்மையாக வரும். 2000 மில்லியம்பியர் மணி கொள்ளளவுள்ள செல்லுக்கு வெறும் 200 மில்லியம்பியர் கொடுத்தால் உச்சி தட்டையாகிவிடும், இறக்கம் கண்ணுக்கே படாது. செல் நிரம்பிய பிறகும், இன்னும் நிரம்பவில்லை என்று நினைத்துக்கொண்டு சார்ஜர் ஏற்றிக்கொண்டே இருக்கும். செல் பழையதென்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் நல்லது செய்வதாக நினைத்துத் தூங்குகிறீர்கள், அது அங்கே சூடேறிக்கொண்டிருக்கிறது.

செல் செய்கிறவர்கள் இந்த முறைக்குச் சொல்லும் கரண்ட், கொள்ளளவின் பாதியிலிருந்து முழு அளவு வரை. 2000 செல்லுக்கு 1000 முதல் 2000 என்று கணக்கு வரும். எங்கள் ஊர்ச் சூட்டில், நான்கு செல் ஒட்டி ஒட்டிக் கிடக்கும் பெட்டியில், 1000ஐத் தாண்டச் சொல்ல மாட்டேன். ரிமோட்டுக்குப் போடும் சின்ன டிரிபிள் ஏ செல் 750, 800தான் இருக்கும். அதற்கு 400 போதும். அதையும் பெரிய செல்லையும் ஒரே கரண்டில் போடச் சொல்லும் சார்ஜர் வேண்டாம்.

சில நல்ல சார்ஜர்கள் இறக்கத்தைக் காத்திராமல் 1.47 வோல்ட் வந்ததும் நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சின்னக் கரண்டில் நிரப்பும். வேறு சில, குறித்த நேரம் ஆனதும் அல்லது குறித்த சூடு வந்ததும் கட்டாயம் நிறுத்தும். அப்படிப்பட்டதில் 200 போட்டாலும் பெரிய நாசம் வராது. ஆனால் பெட்டியில் "ஸ்மார்ட்" என்று அச்சடித்திருப்பதை வைத்து அதைத் தீர்மானிக்காதீர்கள்.

குழப்பத்துக்கு இன்னொரு காரணம் லித்தியம் அயன். அங்கே மெதுவாக ஏற்றினால் உண்மையிலேயே நல்லது, ஏனென்றால் அதை நிறுத்தும் முறையே வேறு. 4.2 வோல்ட் வரை ஏற்றி, அங்கேயே பிடித்து வைத்து, கரண்ட் தானாகக் குறைந்ததும் முடித்துவிடும். போனுக்குச் சொன்ன புத்தியைப் பென் டோர்ச் பற்றரிக்குச் சொல்வதுதான் பிழை.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் எல்லா விலையிலும் சார்ஜர் தொங்குகிறது. கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. கையோடு ஒரேயொரு செல் கொண்டு போங்கள். போட்டுப் பாருங்கள். "இரண்டாகத்தான் போட வேண்டும்" என்று கடைக்காரர் சொன்னால் வைத்துவிட்டு நகருங்கள். இப்படிப்பட்ட சார்ஜர்களைத் திறந்து பார்த்தால் இரண்டு செல்லைத் தொடராகக் கோத்து ஒரே கரண்டை விட்டிருப்பார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு லைட். ஒன்று பாதி நிரம்பியது, மற்றது காலி என்றால், நிரம்பியது சூடேறும், காலியானது அரைகுறையாகவே வெளியே வரும். அந்தச் சோடியை மைக்கில் போட்டால் பேச்சின் நடுவில் நின்றுவிடும். மைக் பழுது என்று என்னிடம் கொண்டு வருவார்கள். மைக்குக்கு ஒன்றும் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு ஸ்லொட்டும் தன் செல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும், கரண்டையும் ஸ்லொட்டுக்கு ஸ்லொட் மாற்ற முடிய வேண்டும். செல் படுக்கும் இடத்தின் அடியில் சின்ன உலோகத் தகடோ மணி போன்ற சென்சரோ தெரிகிறதா என்று பாருங்கள். சூட்டை அளப்பது அதுதான். செல்லுக்குச் செல் கொஞ்சம் இடைவெளி, பெட்டிக்குக் கீழே காற்றுப் போகும் துவாரம் இரண்டும் இருக்க வேண்டும். வெந்து வருகிற சார்ஜர்களில் பாதிக்கப்படுவது எப்போதும் நடு ஸ்லொட்தான்.

பலர் கவனிக்காத இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் அந்தச் சார்ஜர் என்ன செய்யும் என்பது. மலிவானவை எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்கும். நேரக் கணக்கில் ஓடுகிற சார்ஜர் என்றால் ஏற்கெனவே முக்கால்வாசி ஏறிய செல்லுக்கு மறுபடி முழு நேரமும் கொடுக்கும். இரவில் இரண்டு தரம் கரண்ட் போனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

திரையில் வரும் எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அண்ணா, 2400 ஏறியிருக்கு, நல்ல செல்" என்று சந்தோஷமாகக் காட்டுகிறார்கள். உள்ளே போனது 2400 இருக்கலாம், ஒரு பங்கு சூடாகப் போய்விட்டது. வெளியே எவ்வளவு வருகிறது என்பதுதான் கணக்கு. முழுதாக ஏற்றி, இறக்கி, அளந்து காட்டும் வசதி உள்ள சார்ஜர் கொஞ்சம் விலைதான். ஆனால் நான்கு செல்லில் எது செத்தது என்று அது சொல்லிவிடும். பிளாஷ், மைக், ரிமோட் கார் என்று செல்லை நம்பியிருப்பவர்களுக்கு அந்த ஒரு வசதிக்கே காசு கொடுக்கலாம். அளந்து பார்த்து ஒத்த செல்களாகப் பிரித்து வையுங்கள், இங்கே பழையது அங்கே புதியது என்று கலக்காதீர்கள்.

2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டிய காலத்தில் வாங்கிய டோர்ச்கள் இப்போது வருகின்றன, பெரும்பாலும் 18650 என்ற அளவு லித்தியம் அயன் செல் போட்டவை. அதன் உறையில் கொள்ளளவு 9900 மில்லியம்பியர் மணி என்று இருக்கும். அந்த அளவுச் செல்லில் நல்ல கம்பனிகள் தருவதே 3500 அளவுதான். பாதுகாப்புச் சர்க்கிட் உள்ள 18650, 65 மில்லிமீற்றரைத் தாண்டி 70 வரை நீளும். ஸ்லொட்டின் நகரும் முனை அதுவரை சிக்காமல் போகிறதா என்று பாருங்கள். இரண்டு வோல்ட்டுக்கும் கீழே இறங்கிக் கிடக்கும் லித்தியம் செல்லை ஏற்க மறுக்கும் சார்ஜர் கெட்டுப்போனதல்ல, அதுதான் நல்ல சார்ஜர். வயரால் வேறு செல்லோடு தட்டி உயிர் கொடுக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் செல் நாளைக்கு உள்ளுக்குள்ளேயே சோர்ட் ஆகலாம், அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்கவும் கூடும்.

அப்புறம், உருவம் ஒன்றென்பதால் உள்ளேயும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். 14500 என்பது பென் டோர்ச் பற்றரி அளவிலேயே வரும் 3.7 வோல்ட் லித்தியம். யூ.எஸ்.பி. துளையோடு 1.5 வோல்ட் என்று வருபவையும் லித்தியமே. இரண்டையும் நிக்கல் சார்ஜரில் போடக்கூடாது. சாதாரண அல்கலைன் செல்லை எதிலுமே போடக்கூடாது. பொங்கி வழிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிட்டுத்தான் நிற்கும், அந்தக் கசிவு கையையும் சுடும். லித்தியம் செல் ஏறும்போது வீட்டில் ஆள் இருக்கட்டும். மெத்தை மேல், திரைச்சீலைக்குக் கீழ் வேண்டவே வேண்டாம், ஓட்டுத் தரையில் வையுங்கள். உறை கிழிந்த 18650ஐ அந்த உறையை மாற்றும்வரை பாவிக்காதீர்கள், சாவிக்கொத்தோடு பொக்கெட்டில் போடாதீர்கள், சின்னப் பிளாஸ்டிக் பெட்டி சில நூறு ரூபாய்தான்.

அடாப்டரையும் விட்டுவிடாதீர்கள். 12 வோல்ட் 3 அம்பியர் கேட்கும் சார்ஜருக்கு வைஃபை ரௌட்டரின் 1 அம்பியர் அடாப்டரைச் செருகிவிட்டு "சார்ஜர் நின்று நின்று வேலை செய்கிறது" என்கிறீர்கள். பின் பொருந்துவது மட்டும் போதாது. திருத்தக் கொண்டு வருகிறபோது அடாப்டரையும், அதில் வழக்கமாகப் போடும் செல்களையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். வெறும் சார்ஜரை மேசையில் வைத்து "ஒருக்கால் பாருங்கோ" என்றால் நான் எதைப் பார்ப்பது?