பழைய புல்லட்டின் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் எங்கே போகிறது?

மதுரையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா ஓட்டிய 1970களின் புல்லட்டை மீண்டும் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் பின்பக்க ஷாக் அப்சார்பர்கள் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் வண்டி நான்கைந்து முறை மேலும் கீழும் ஆடிய பிறகுதான் அடங்குகிறது. "கெட்டியான எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட்டால் கசிவும் நிற்கும், ஆட்டமும் நிற்கும்" என்கிறாராம் மெக்கானிக். ஊற்றலாமா?

வேண்டாம். இரண்டுமே அந்த எண்ணெயால் தீராது. ஏன் என்று புரிய, அந்த உருளைக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்க வேண்டும்.

பள்ளத்தின் அடியைத் தாங்குவது வெளியே தெரியும் ஸ்பிரிங். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அமுங்கும், பள்ளியில் படித்த ஹூக் விதிதான். ஆனால் ஸ்பிரிங் தான் வாங்கிய ஆற்றலைச் சேர்த்து வைத்து அப்படியே திருப்பிக் கொடுக்கும். நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் மொத்தமாக 5 சென்டிமீட்டர் அமிழ்ந்து நிற்கிறது என்றால், அது தானாக ஆடும் வேகம் நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று அதிகம். இந்த ஆட்டத்தின் ஆற்றலை வெப்பமாக மாற்றிக் கரைப்பதுதான் உள்ளே இருக்கும் எண்ணெயின் வேலை. அதற்கு முந்தைய காலத்தில் உராய்வுத் தட்டுகளை இறுக்கி ஆட்டத்தை அடக்கினார்கள். வேகமாக அசைந்தாலும் மெதுவாக அசைந்தாலும் உராய்வு ஏறக்குறைய ஒரே தடையைத்தான் தரும். எண்ணெய் அப்படியல்ல, அசைவு வேகமாக வேகமாகத் தடையும் கூடும்.

புல்லட்டுக்கு இதில் ஒரு பெருமை உண்டு. பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத வண்டிகள் பரவலாக இருந்த காலத்தில், 1948இல், எண்ணெய்த் தடையும், பின்சக்கரத்தைப் பிடித்தபடி மேலும் கீழும் ஊசலாடும் பின்கரமும் கொண்ட முன்மாதிரியை, புல்லட்டைச் செய்த ராயல் என்ஃபீல்டின் இங்கிலாந்து ரெடிச் ஆலை போட்டிகளில் இறக்கியது. அந்த ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில் அது பெயர் வாங்கியது. 1955இல் புல்லட்டை இங்கே செய்யச் சென்னையில் கூட்டு நிறுவனம் தொடங்கி, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். அக்கால வகை ஷாக் அப்சார்பரில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். உள்குழாய் முழுக்க எண்ணெய். அதில் துளையிட்ட பிஸ்டன் ஒன்று, தண்டின் நுனியில் மேலும் கீழும் போகிறது. எண்ணெய் துளைகள் வழியே பிதுங்கிப் போகும்போது தடை உண்டாகிறது என்று சொல்லிப் பலரும் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் தண்டு உள்ளே நுழையும்போது தானும் இடத்தை அடைத்துக்கொள்கிறதே! விளிம்புவரை நிரம்பிய செம்பில் கரண்டியை விட்டால் தண்ணீர் வழிகிறது. இங்கே வழிவதற்கு வாய் இல்லை, எண்ணெயும் சுருங்காது. 12 மில்லிமீட்டர் தடிமனுள்ள தண்டு 7 சென்டிமீட்டர் இறங்கினால் கிட்டத்தட்ட 8 மில்லிலிட்டர் எண்ணெய்க்கு வேறு இடம் வேண்டும்.

அந்த இடம்தான் வெளிக்குழாய். அதில் பாதி எண்ணெய், மேலே காற்று. உள்குழாயின் அடியில் ஒரு சிறு வால்வு. சக்கரம் மேட்டில் ஏறித் தண்டு உள்ளே போகும்போது, தண்டு அடைத்த அளவு எண்ணெய் அந்த அடிவால்வின் நெருக்கமான வழியாக வெளிக்குழாய்க்குப் போய்க் காற்றைச் சற்றே அமுக்குகிறது. மற்ற எண்ணெய் பிஸ்டனின் அகலமான துளைகள் வழியாக எளிதாக மேலே ஏறிவிடுகிறது. தண்டு வெளியே வரும்போது எல்லாம் தலைகீழ். அகலத் துளைகளை ஒரு மெல்லிய தகடு மூடிக்கொள்ள, பிஸ்டனுக்கு மேலே இருக்கும் எண்ணெய் மிகக் குறுகிய வழியில் மட்டுமே இறங்க முடிகிறது. அடிவால்வோ இப்போது தாராளமாகத் திறந்து, போன 8 மில்லிலிட்டரைத் திருப்பி அனுப்புகிறது. அழுத்தும்போது தடை குறைவு, விரியும்போது அதிகம். அழுத்தும்போது தடை மிகுந்தால் சாலையின் அடி நேராக முதுகெலும்புக்கு வரும். விரியும்போது குறைந்தால் ஸ்பிரிங் நம்மைத் தூக்கி எறியும். மின்சாரமோ உணரியோ இல்லாமல், ஒரு சிறு தகடு திசையறிந்து இதைச் செய்துகொண்டிருக்கிறது. எந்த மின்னணுக் கருவியைப் பார்த்தும் நான் இவ்வளவு வியந்ததில்லை.

இந்தக் குறுகிய வழிகள் எண்ணெயின் ஒரு குறிப்பிட்ட பாகுநிலைக்காக, அதாவது கெட்டித்தன்மைக்காக, அளந்து செய்யப்பட்டவை. கெட்டி எண்ணெய் ஊற்றினால் நிற்கும் வண்டியை அமுக்கிப் பார்க்கையில் திடமாகத் தோன்றும். சாலையில் கதை வேறு. மீட்டருக்கு ஒரு மேடு உள்ள சாலையில் 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நொடிக்குப் பத்து அடிகள் விழும். ஒரு முறை அமுங்கிய ஸ்பிரிங் விரிந்து முடிப்பதற்குள் அடுத்த அடி வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, கடைசியில் ஸ்பிரிங்கே இல்லாத வண்டிபோல ஆகிவிடும். "கெட்டியானது நல்லது" என்ற நம்பிக்கை பட்டறைகளில் தலைமுறைகளாகத் தொடர்கிறது. சோதித்துப் பார்க்காத நம்பிக்கை எந்த உடையில் வந்தாலும் மூடநம்பிக்கைதான்.

கசிவுக்கு வருவோம். சீல் என்பது தண்டைத் தழுவி நிற்கும் ரப்பர் உதடு. தண்டில் துரு தின்ற குழி ஒவ்வொன்றும் எண்ணெயைக் கொஞ்சம் சுமந்து வெளியே கொண்டுவரும். கூடவே ரப்பரையும் அறுக்கும். இந்தத் தண்டோடு புது சீல் போட்டால் சீக்கிரமே மறுபடி கசியும். தண்டைக் கழற்றி, பழைய பூச்சை நீக்கி, கடினக் குரோம் ஏற்றி, சரியான அளவுக்குச் சாணை பிடித்து மெருகேற்ற வேண்டும். சைலன்சருக்குப் போடும் பளபளப்புக் குரோம் ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், மெல்லியது. இங்கே அது உதவாது. இருபது மைக்ரானுக்குக் குறையாமல் கேளுங்கள்.

இந்தப் பூச்சுத் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது நமக்குத் தெரியும். அது பூச்சுப் பட்டறைகளின் கழிவு அல்ல, ஆனால் நஞ்சு அதே நஞ்சு. விமானத் துறை மாற்றுப் பூச்சுகளுக்கு நகரத் தொடங்கிவிட்டது. நான்கு பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கட்டுப்படியாகும் மாற்றைக் கண்டுபிடிக்க நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு பணம் தர வேண்டும். அந்தத் தொட்டியருகே நாள் முழுக்க நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்கு அது தாமதமான கடன்.

வேலையில் இறங்கும்முன் சில எச்சரிக்கைகள். ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். அதற்கான அழுத்துக் கருவி இல்லாமல் கழற்றினால் முகத்தில் அடிக்கும். நைட்ரஜன் அடைத்த வகையாக இருந்தால் தொடவே வேண்டாம். மேல்மூடி திருகாக இல்லாமல் ஓரம் மடித்து அடைத்திருந்தால் லேத் உள்ள பட்டறைதான் திறக்க முடியும். எண்ணெயைத் தயாரிப்பாளர் சொன்ன வகையில், சொன்ன அளவில் ஊற்றுங்கள். நிறையட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் வெளிக்குழாயின் காற்றுக்கு இடமிருக்காது. அந்த 8 மில்லிலிட்டருக்குப் போக்கிடம் இல்லாமல் முதல் பெரிய பள்ளத்திலேயே புது சீல் பிய்ந்துவிடும்.

மூடிய பிறகு, ஸ்பிரிங் மாட்டும் முன், உருளையை நிமிர்த்திப் பிடித்துத் தண்டை முழு நீளத்துக்கும் மெதுவாகப் பலமுறை இழுத்து அழுத்துங்கள். உள்குழாயில் சிக்கிய காற்று அப்போதுதான் வெளியேறும். இழுப்பது அழுத்துவதைவிடக் கடினமாக இருக்க வேண்டும். திசை மாறும் இடத்தில் கொஞ்ச தூரம் தடையின்றி நழுவினால் இன்னும் காற்று இருக்கிறது என்று பொருள். பலமுறை இழுத்தும் அது போகவில்லையென்றால் எண்ணெய் குறைவு, அல்லது அடிவால்வில் அழுக்கு. இரண்டு ஷாக் அப்சார்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மாதிரித் தடை தருகின்றனவா என்று கையால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வண்டியில் பூட்டுங்கள்.