பச்சை மூடிக் குழாயில் போகும் இரத்தம்

டவுண் சிண்ட்ரோம், அதாவது பிறவியிலேயே வளர்ச்சி பிந்தும் நிலை, இருக்குமோ என்று சந்தேகப்பட்ட நாலு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தாய் கேட்ட முதல் கேள்வி இது: "டொக்டர், கிரகணத்தண்டைக்கு நான் வெளியில நிண்டனான். அதாலயோ?" பக்கத்தில் இருந்த மாமியார் வாய் திறக்கவில்லை. அந்தப் பேச்சு வீட்டில் எத்தனை தரம் எழுந்திருக்கும் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. வன்னியில் வேறு தாய்மாரும் கேட்டிருக்கிறார்கள்: செல் சத்தத்தில் பயந்ததாலா, பங்கருக்குள் இருந்ததாலா என்று.

பிள்ளையின் உடம்பு தளர்வாக இருந்தது. கண்கள் மேல்நோக்கிச் சரிந்திருந்தன, உள்ளங்கையில் குறுக்கே ஒற்றை ரேகை. அந்த ரேகை ஒரு குறையும் இல்லாத சிலருக்கும் உண்டு. அதை மட்டும் வைத்து யாரும் முடிவுகட்டக் கூடாது. டவுண் சிண்ட்ரோம் என்ற சந்தேகத்தை உறுதிசெய்வது காரியோடைப் பரிசோதனை, அதாவது கலத்துக்குள் பரம்பரைக் குணங்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களை (குரோமோசோம்களை) படமெடுத்துச் சோடி சோடியாக அடுக்கிப் பார்ப்பது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தாயிடம் 23, தகப்பனிடம் 23, ஆக 46 நிறமூர்த்தங்கள். 1956 வரை விஞ்ஞானிகளே 48 என்றுதான் நம்பியிருந்தார்கள். 1959இல் பிரான்சில் லெஜூன் குழுவினர், டவுண் பிள்ளைகளின் கலங்களில் 47 இருப்பதைக் காட்டினார்கள். 21ஆம் இலக்கம் இரண்டுக்குப் பதிலாக மூன்று. பெரும்பாலும் முட்டை உருவாகும்போது அந்தச் சோடி பிரியாமல் ஒரே பக்கம் போய்விடுவதால் வருவது இது. அந்த முட்டையின் பிரிவு எப்போது தொடங்குகிறது தெரியுமா? தாய் தன் தாயின் வயிற்றில் சிசுவாக இருக்கும்போதே தொடங்கி, பாதியில் நின்று, பல வருடம் காத்திருந்து, முட்டை வெளிவரும் நேரத்தில்தான் தொடர்கிறது. வயது ஏற ஏறத் தவறு கூடுவதும் இதனோடு சேர்ந்ததுதான். கிரகணம் வந்த அன்று எல்லாம் எப்போதோ நடந்து முடிந்திருந்தது. மாமியாரையும் பார்த்தே இதைச் சொன்னேன்.

சரி, முகமே சொல்கிறதே, பரிசோதனை எதற்கு? டவுண் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மூன்றாவது 21 தனியாக நிற்கும். மூன்று நாலு பேருக்கு அது 14 போன்ற இன்னொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும். அப்படியானால் தாய் தகப்பனையும் பார்த்தே ஆகவேண்டும். அவர்களில் ஒருவர் எந்தக் குறையும் தெரியாமல் அந்த ஒட்டலைச் சுமந்துகொண்டிருக்கலாம். சுமப்பவர் தாயானால் அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்துப் பதினைந்து. முகத்தைப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒருவராலும் முடியாது.

இந்தப் பரிசோதனைக்கு எடுக்கும் இரத்தம் ஆய்வுகூடத்துக்கு உயிரோடு போய்ச் சேரவேண்டும். சீனி, கொழுப்புச் சோதனை மாதிரியல்ல. இரத்தத்தின் வெள்ளைக் கலங்களை மூன்று நாள் வளர்த்து, அவை பிரியும் நடுவழியில் நிறுத்தித்தான் எண்ணுகிறார்கள். அதனால்தான் இரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய். ஒருமுறை ஓரிடத்தில் நல்லெண்ணத்தோடு குழாயை ஃபிரீசரில் வைத்துவிட்டார்கள். கலங்கள் வளரவில்லை. அந்தச் சின்னக் கையில் மறுபடி ஊசி ஏற்றவேண்டி வந்தது, கொழும்புக்கு மறுபடி அனுப்பவேண்டி வந்தது. குளிராக வைக்கலாம், உறையவிடக் கூடாது.

அறிக்கை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் கூடாது. இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். இதயத்தை ஸ்கான் செய்யும் எக்கோவும் தைரொயிட் சோதனையும் முதலிலேயே செய்யவேண்டியவை.

அறிக்கை வந்தது: 47, எக்ஸ் வை, +21. அதாவது ஆண் பிள்ளை, 21ஆம் இலக்கம் ஒன்று கூட. ஒட்டல் இல்லை. தமிழில் பின்பக்கம் எழுதிக் கொடுத்து, கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள், அடுத்த பிள்ளைக்கு முதல் கொண்டுவந்து காட்டுங்கள் என்றேன். அப்போதுதான் மாமியார் முதன்முதலாகப் பேசினார்: "இவனுக்குப் பேச்சு எப்ப வரும், டொக்டர்?"

பிந்தித்தான் வரும் அம்மா, முதலில் காது நல்லாகக் கேட்குதா என்று பார்ப்போம் என்று சொல்லித் துண்டு எழுதினேன்.